குடிநீரில் பிஃபாஸ் வந்திருக்கிறது, ஆர்ஓ வைத்தால் தீருமா? கழிவுநீர் நிலையத்தை என்ன செய்வது?

பம்ப்ரூம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு குடியிருப்பு வளாகத்தின் தண்ணீர், கழிவுநீர் இரண்டையும் 14 வருடமாக நான்தான் பார்த்து வருகிறேன். சுமார் 2,400 பேர் இருக்கிறார்கள். மூன்று போர்வெல், எல்லாம் ஒரே தரைத்தொட்டியில் கலக்கும், அங்கே குளோரின் சேர்த்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். ஒரு நாளைக்கு 3.6 லட்சம் லிட்டர். கழிவுநீர் நிலையமும் வளாகத்துக்குள்ளேயே. சுத்திகரித்த நீர் தோட்டத்துக்கு, காய்ந்த கசடு மரங்களுக்கு எருவாக.

பாக்டீரியா, உப்பு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் மாதாமாதம் பார்ப்போம். எப்போதும் சரியாகவே இருக்கும். போன மாதம் இங்கே குடியிருக்கும் ஒருவர் பிஃபாஸ் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று நின்றார். அந்தப் பெயரையே நான் அப்போதுதான் கேட்டேன். எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களின் கூட்டத்துக்குப் பொதுப்பெயராம். தரைத்தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினோம். வந்த ரிப்போர்ட்டில் அதன் நான்கு வகைகள், லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்: பிஎஃப்ஓஎஸ் 14, பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 9, பிஎஃப்ஓஏ 5, பிஎஃப்பிஎஸ் 6.

வாசனை இல்லை, நிறம் இல்லை, ஒரு புகாரும் வந்ததில்லை. ராத்திரி படுத்தால் இந்த நான்கு எண்கள்தான் கண்முன்னே வருகின்றன. 14 வருடமாக அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன், என் பிள்ளைகளும் குடித்தார்கள்.

கருவி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்தத் தண்ணீருக்கும் பெரிய ஆர்ஓ போட்டுவிடுங்கள், 75 சதவீதம் நல்ல தண்ணீர் கிடைக்கும், ரிஜெக்ட் தண்ணீரை, அதாவது ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் மீதியை, கழிவுநீர் லைனில் விட்டுவிடலாம் என்றார். சங்கத்தில் எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் எங்கோ இடிக்கிறது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஆர்ஓ சரியா? கழிவுநீர்ப் பக்கம் நான் ஏதாவது செய்ய வேண்டுமா? மக்களிடம் இப்போதே சொல்லலாமா, மறுசோதனை வரும்வரை காத்திருக்கலாமா?

---

சோதனைக்குழாய் எழுதியது:

முதலில் ரிப்போர்ட்டை நம்பலாமா என்று பார்த்துவிடுவோம். நான் ஆய்வகத்தில் இருப்பவன்.

ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிராம் பிஎஃப்ஓஏவை 25 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 4 நானோகிராம் வரும். இவ்வளவு நுணுக்கமாக அளக்கும்போது மாதிரி எடுப்பவரின் கை, சட்டை, குழாயில் சுற்றிய டேப் எல்லாம் எண்ணை மாற்றிவிடும். உங்கள் மாதிரிக் குழாயில் வெள்ளை டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றியிருந்ததா? எடுத்தவர் நீர் ஒட்டாத மழைக்கோட்டு போட்டிருந்தாரா? பாட்டில் எச்டிபிஇ அல்லது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்காக இருந்திருக்க வேண்டும். ஃபீல்டு பிளாங்க் என்று ஒன்று உண்டு: ஆய்வகம் கொடுத்த சுத்தமான தண்ணீரை மாதிரி எடுக்கும் இடத்திலேயே திறந்து இன்னொரு பாட்டிலில் ஊற்றி, அதையும் சேர்த்து அனுப்புவது. அதில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் மற்ற பாட்டிலில் வந்தது தண்ணீரிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

எந்த முறையில் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். குடிநீருக்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் முறைகள் இரண்டு உண்டு. 537.1 என்பது 18 சேர்மங்களைப் பார்க்கும், 533 என்பது 25. குட்டைச் சங்கிலிச் சேர்மங்கள், அதாவது கார்பன் அணுக்கள் குறைவாக உள்ளவை, 533ல்தான் கூடுதலாகத் தெரியும். கழிவுநீர், கசடு, மண் என்றால் இவை உதவாது, 1633 என்ற முறையில் கேளுங்கள், அது 40 சேர்மங்களைப் பார்க்கும்.

அப்புறம், கலந்த தொட்டியில் ஒரு மாதிரி எடுத்து என்ன பயன்? மூன்று போர்வெல்லிலும் தனித்தனியாக, குளோரின் சேருவதற்கு முன்னால், பத்து இருபது நிமிடம் ஓடவிட்டு எடுங்கள்.

---

கரித்தொட்டி எழுதியது:

பம்ப்ரூம் நண்பரே, உங்களுக்கு இடிக்கும் இடம் சரியான இடம். கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். நானும் ஒரு சிறிய குடிநீர்த் திட்டத்தில் ஆறு வருடமாக, மாசை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் (கரி) தொட்டிகளை ஓட்டுகிறவன்.

இப்போது நாளைக்கு 3.6 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 14 நானோகிராம் பிஎஃப்ஓஎஸ். பெருக்கினால் சுமார் 5 மில்லிகிராம். நீங்கள் மேலே எடுக்கும் பிஎஃப்ஓஎஸ் அவ்வளவுதான், அது முழுக்க வீடுகள் வழியாக உங்கள் கழிவுநீர் நிலையத்துக்கு வருகிறது. ஆர்ஓ போட்டு 3.6 லட்சம் நல்ல தண்ணீர் வேண்டும் என்றால், 75 சதவீத மீட்பில் 4.8 லட்சம் லிட்டர் எடுக்க வேண்டும். 1.2 லட்சம் ரிஜெக்ட். அந்த ரிஜெக்டில் பிஎஃப்ஓஎஸ் நான்கு மடங்காகி 56 ஆகிவிடும். அதைக் கழிவுநீர் லைனில் விட்டால் நிலையத்துக்குப் போவது நாளைக்கு 6.7 மில்லிகிராம். இப்போது போவதை விட அதிகம்! குடிநீர் சுத்தமாகிவிடும், உண்மைதான். ஆர்ஓ பிஃபாஸை 90 சதவீதத்துக்கு மேல் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிடித்ததெல்லாம் உங்கள் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்திலிருந்து எங்கே போகும்? மண் வழியாக இறங்கி மறுபடி உங்கள் போர்வெல்லுக்கு. ஒரே வளாகத்துக்குள் ஒரு வட்டம் போட்டுவிடுவீர்கள்.

இந்தப் பொருளின் குணமே அதுதான். கரிம வேதியியலில் இருக்கும் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்தது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. புற ஊதா விளக்கு ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் செறிவு கூடும். நம்மிடம் இருக்கும் வடிகட்டிகள் எல்லாம் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகின்றன. அதனால் எந்தக் கருவி விற்பவர் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பிடித்ததை எங்கே வைப்பீர்கள் என்பதுதான்.

அளவுகள் பற்றி. ஒரே ரிப்போர்ட்டை மூன்று நாட்டுக்காரரிடம் காட்டினால் மூன்று பதில் வரும். அமெரிக்கா 2024 ஏப்ரலில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. உங்களுடையது இரண்டிலும் தாண்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர் நெறிமுறையில் 20 சேர்மங்களின் கூட்டுத்தொகை 100. உங்களுடைய நான்கும் சேர்ந்து 34தான், தேறிவிடும். அதே ஐரோப்பாவில் டென்மார்க் நான்கு சேர்மங்களுக்கு மொத்தமே 2 என்று வைத்திருக்கிறது. இதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 இறுதியில் பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்எச்எக்ஸ்எஸ் இரண்டும் ரத்தத்தில் பாதியாகக் குறையவே வருடக்கணக்கில் ஆகும். குறைக்க முடிந்த அளவு குறைப்போம் என்று இறங்குவதுதான் என் அபிப்பிராயம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்எச்எக்ஸ்எஸ் இரண்டும் சேர்ந்து முன்னால் நிற்கின்றன. பழைய வகைத் தீயணைப்பு நுரையின் கைரேகை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முலாம் பூசும் பட்டறையின் கழிவாகவும் இருக்கலாம், அங்கே பிஎஃப்ஓஎஸ் தனியாக ஓங்கி நிற்கும். பக்கத்தில் எங்காவது எரிபொருள் கிடங்கு, தீயணைப்புப் பயிற்சித் திடல், விமானத்தளம் உண்டா? சுற்றிப் பாருங்கள்.

மக்களிடம் சொல்வது பற்றி: இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எண்ணைச் சொல்லுங்கள், மறுசோதனை தேதியைச் சொல்லுங்கள், அதுவரை குடிக்கவும் சமைக்கவும் என்ன ஏற்பாடு என்றும் சொல்லுங்கள். எங்கள் ஊழியர்கள் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த மூன்று வாரத்துக்கு நாங்கள் இரண்டு வருடம் பதில் சொன்னோம்.

---

இரண்டாம்மாடி எழுதியது:

நான் இந்த வேலையில் இருப்பவள் அல்ல, இப்படி ஒரு வளாகத்தில் குடியிருப்பவள். ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. பால்பவுடர் கலக்க இந்தத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். கொதிக்கவைத்தால் கூடும் என்று மேலே படித்ததும் கை நடுங்கிவிட்டது. வீட்டு அளவில் என்ன செய்யலாம்? குளிப்பாட்டலாமா?

---

கரித்தொட்டி எழுதியது:

அம்மா, பதற வேண்டாம். கிருமிக்காகக் கொதிக்கவைப்பதை நிறுத்தாதீர்கள், அது வேறு விஷயம். முதலில் வடிகட்டுங்கள், பிறகு கொதிக்கவையுங்கள். சில நிமிடக் கொதிப்பில் கூடும் அளவு மிகச் சிறியது. கொதித்தால் பிஃபாஸ் போய்விடும் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எடைக்கு ஏற்ற கணக்கில் பெரியவர்களைவிடக் குழந்தை அதிகம் குடிக்கிறது. சமையலறைக் குழாயின் கீழ் வைக்கும் சிறிய ஆர்ஓ போதும். பெட்டியில் என்எஸ்எஃப் 58 என்ற வடிகட்டித் தரச் சான்று இருக்கிறதா, அதில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்று பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். கார்பன் வடிகட்டி என்றால் என்எஸ்எஃப் 53. சான்று இல்லாமல் எல்லா ரசாயனமும் போகும் என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். கார்ட்ரிட்ஜை அவர்கள் சொன்ன தேதிக்கு முன்பே மாற்றுங்கள். நிறைந்துபோன கார்பன் பிடித்ததையே திரும்ப விடக்கூடும்.

தோல் வழியாக மிகக் குறைவாகவே போகும், தாராளமாகக் குளிப்பாட்டுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் இதைப் படித்து நிறுத்திவிட வேண்டாம். தாய்ப்பாலில் இது கலக்கும் என்பது உண்மை. அப்படியிருந்தும் பெரும்பாலான தாய்மாருக்கு அதன் நன்மையே மேல் என்றுதான் மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

---

கசடுப்பாத்தி எழுதியது:

கழிவுநீர்ப் பக்கம் கேட்டிருந்தீர்கள், யாரும் சரியாகத் தொடவில்லை. நான் கழிவுநீர் நிலையத்தில் 20 வருடம்.

நம் காற்றூட்டத் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் எதைப் போட்டாலும் தின்றுவிடும் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். இதைத் தின்னாது. தொட்டிக்குள் நடப்பது பிரிவினைதான். பிஎஃப்ஓஎஸ் மாதிரி நீளச் சங்கிலி கசடில் ஒட்டிக்கொள்ளும். பிஎஃப்பிஎஸ் மாதிரி குட்டைச் சங்கிலி தெளிந்த நீரோடு வெளியே போகும்.

உள்ளே வந்ததைவிட வெளியே போவது அதிகமாகத் தெரிந்தால் திடுக்கிடாதீர்கள், கருவியும் கெட்டுப்போகவில்லை. கறை படாத துணி, கம்பளம், எண்ணெய் ஊறாத காகிதம், சில அழகுசாதனங்கள் இவற்றிலிருந்து முன்னோடிச் சேர்மங்கள் சாக்கடையில் வரும். வழக்கமான சோதனைப் பட்டியலில் அவற்றில் பல கிடையாது. நுண்ணுயிர்கள் அவற்றின் ஓரத்தைக் கடித்து பிஎஃப்ஓஏ வரைக்கும் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடும். அதனால் வெளியே போகும் நீரில் பிஎஃப்ஓஏ கூடும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான வேலை ஒன்றே: கசடை மரத்துக்குப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கம்போஸ்ட் செய்தாலும் அழியாது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பல வருடம் கழிவுநீர்க் கசடை வயலில் போட்டார்கள், மண்ணிலும் கிணற்றிலும் பாலிலும் பிஃபாஸ் ஏறி, விவசாயிகள் நிலத்தையே இழந்தார்கள். 2022ல் அந்த மாநிலம் கசடை நிலத்தில் போடுவதையே சட்டமாகத் தடுத்தது. எருவாகப் போகிறது, வீணாகவில்லை என்று நானும் பல வருடம் நிம்மதியாக இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் லாரியில் அனுப்பிய கசடெல்லாம் எந்தெந்த வயலுக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்தது 11 இடம்.

இரண்டாவது, வெளியிலிருந்து டேங்கர் ஏதாவது உங்கள் நிலையத்தில் கொட்டுகிறதா? பெரிய சலவைக்கூடம், குப்பைக்கிடங்கின் கசிவுநீர், முலாம் பட்டறை என்றால் அங்கேயே பிடிக்க வேண்டும். மிச்சிகன் மாநிலம் 2018ல் இதைத்தான் செய்தது. கழிவுநீர் நிலையங்களைத் தங்களுக்குக் கழிவு அனுப்பும் ஆலைகளைத் தேடிப் போகச் சொன்னது. குற்றவாளி பல இடங்களில் குரோம் முலாம் ஆலைதான். ஆலைவாசலில் கார்பன் தொட்டி வைத்ததும் நகர நிலையத்திலிருந்து வெளியேறும் பிஎஃப்ஓஎஸ் சரசரவென்று இறங்கியது. நிறையத் தண்ணீரில் கலந்த பிறகு பிடிப்பதை விட, கொஞ்சம் தண்ணீரில் அடர்த்தியாக இருக்கும்போது பிடிப்பது எவ்வளவோ மேல்.

---

பம்ப்ரூம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் எண்களை ஒட்டிவிட்டேன். கோபப்பட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை நின்று, நீயாவது சொன்னாயே தம்பி என்று தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஃபீல்டு பிளாங்கில் ஒன்றும் இல்லை. முதல் கிணறு: பிஎஃப்ஓஎஸ் 33, பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 21, பிஎஃப்ஓஏ 8, பிஎஃப்பிஎஸ் 11. இரண்டாவது: 2, 2, 4, 3. மூன்றாவதில் முதல் இரண்டும் இல்லை, பிஎஃப்ஓஏ 2, பிஎஃப்பிஎஸ் 2. முதல் கிணறுதான் எங்கள் தண்ணீரில் 40 சதவீதம் கொடுக்கிறது.

கழிவுநீர் நிலையம்: உள்ளே வரும் நீரில் பிஎஃப்ஓஎஸ் 15, பிஎஃப்ஓஏ 6. வெளியே போகும் நீரில் பிஎஃப்ஓஎஸ் 12, பிஎஃப்ஓஏ 10. கசடுப்பாத்தி ஐயா எழுதியதை முன்பே படிக்காமல் இருந்தால் நான் ஆய்வகத்தோடு சண்டைக்குப் போயிருப்பேன். கசடில் கிராமுக்கு 18 நானோகிராம் பிஎஃப்ஓஎஸ். எருவை நிறுத்தியாயிற்று.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கும் விஷயம். கிடங்கு, பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று வெளியே எல்லாம் சுற்றினேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து முதல் கிணற்றின் பக்கத்தில் நின்றேன். பின்னால் தீயணைப்புப் பம்பு அறை. உள்ளே 20 லிட்டர் கேன்கள் ஏழு. லேபிள் உரிந்துபோய், தேதி முடிந்து வருடங்கள் ஆன நுரைத் திரவம். வருடம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் வந்து ஜெனரேட்டர் டீசல் தொட்டிக்கான தீப்பயிற்சி நடத்துவார். திடலில் நுரை அடிப்பார்கள், பிள்ளைகள் அதில் ஓடி விளையாடும், முடிந்ததும் ஹோஸ் பிடித்துக் கழுவிவிடுவார்கள். கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலில் இறங்கும். அந்த வடிகால் போய்ச் சேருவது மழைநீர் சேகரிப்புக் குழியில். குழியிலிருந்து முதல் கிணறு 30 மீட்டர்.

அந்தக் குழியை வெட்டச் சொல்லி சங்கத்தில் வாதாடியது நான். ஜல்லி, மணல், கரி என்று அடுக்கடுக்காக நானே நின்று போடவைத்தேன். நிலத்தடி நீர் ஏற வேண்டும் என்றுதான் செய்தேன். நுரை இறங்குவதற்கும் அதுவே நேர்வழியாகிவிட்டது.

இப்போது கேள்வி: முதல் கிணற்றை நிறுத்திவிட்டேன். இரண்டையும் மூன்றையும் கூடுதல் நேரம் ஓட்டி, நீர் விடும் நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கிறோம். முதல் கிணற்றைக் கழிப்பறை லைனுக்கு மட்டும் கொடுத்து ஓட்டலாமா? நிரந்தரமாக மூடிவிடலாமா? அந்த ஏழு கேன்களை என்ன செய்வது?

---

கரித்தொட்டி எழுதியது:

நண்பரே, குழி வெட்டியது தப்பே இல்லை. நுரையில் என்ன இருக்கிறது என்று கேன் விற்றவர் உங்களிடம் சொன்னாரா? பிஎஃப்ஓஎஸ் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 3எம் நிறுவனமே 2000ல் அறிவித்தது. 2009ல், நீண்டகாலம் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ் ஏறியது. அதற்குப் பிறகும் பழைய சரக்கு இப்படிப் பல அறைகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. நீங்கள் தேடினீர்கள், அதனால் கிடைத்தது.

கழிப்பறை லைன் வேண்டாம். கசடிலும் தோட்டத்திலும் மறுபடி அதே வட்டம்தான். மூடவும் வேண்டாம். இதுதான் பலரும் தவறுகிற இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழிக்கடியில் இருக்கும் மாசு நிலத்தடியில் நீரோட்டத்தோடு நகரும். இத்தனை வருடமாக முதல் கிணறு இழுத்ததால் அது முதல் கிணற்றின் பக்கமே வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் அதிக நேரம் ஓட்டினால், இழுப்பு அந்தப் பக்கம் திரும்பும். ஒரு வருடத்தில் இரண்டாவது கிணற்றின் 2 என்பது 10 ஆகலாம். ஆக, முதல் கிணறு ஓட வேண்டும், ஆனால் அதன் தண்ணீர் கார்பன் தொட்டிகள் வழியாக மட்டுமே வெளியே வர வேண்டும். மாசைப் பிடித்து நிறுத்தும் காவல் கிணறாக அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தடி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நிலத்தடிநீர் வல்லுநரை வைத்துப் பார்த்துவிட்டே இதை உறுதி செய்யுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. கருவிக்காரர் 3.6 லட்சத்துக்கும் சேர்த்துப் போடச் சொன்னார். உங்களுக்குத் தேவை முதல் கிணற்றுக்கு மட்டும். நாளைக்கு 1.44 லட்சம் லிட்டர், 18 மணி நேரம் ஓடினால் மணிக்கு 8,000 லிட்டர். தண்ணீர் கார்பனோடு 10 நிமிடம் இருக்க வேண்டும் என்று வைத்தால் ஒரு தொட்டிக்கு 1,330 லிட்டர் கார்பன். அப்படி இரண்டு தொட்டி, ஒன்றன்பின் ஒன்றாக. தரைத்தொட்டிக்கு முன்னால், குளோரின் சேருவதற்கு முன்னால் வையுங்கள். இரும்பு இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கார்பன் மேல் படிந்து அடைத்துவிடும்.

கார்பனுக்குப் பதில் ரெசின் (அயனிகளைப் பிடிக்கும் சிறு மணிகள்) என்றால் 2, 3 நிமிடமே போதும், தொட்டி சின்னது, குட்டைச் சங்கிலியையும் சற்று நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீரில் நைட்ரேட், சல்ஃபேட் அதிகம் என்றால் அவையும் இடத்துக்குப் போட்டியிடும், குளோரின் பட்டால் ரெசின் கெடும். என் கை கார்பனில் பழகியது, அதனால் அதையே சொல்கிறேன். எதை எடுத்தாலும் உங்கள் கிணற்று நீரையே ஒரு சிறிய குழாயில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கார்பன் எவ்வளவு நாள் வரும் என்று மற்றவர் தண்ணீரை வைத்துச் சொல்லவே முடியாது. உங்கள் ஓட்டத்துக்கு ஒரு நாளில் கார்பனின் கனஅளவைப் போல் 108 மடங்கு தண்ணீர் போகும். 20,000 மடங்கு வரை தாங்கினால் ஆறு மாதம். கரைந்த கரிமப் பொருள் அதிகமான தண்ணீரில் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு மாதிரிக் குழாய் கட்டாயம். மாதம் ஒருமுறை அங்கே சோதனை. முதலில் தாண்டி வருவது பிஎஃப்பிஎஸ்தான். அது வந்ததும் பயப்படாமல் நாள்காட்டியில் குறித்துவையுங்கள், அடுத்து பிஎஃப்ஓஏ வரப்போகிறது என்று அர்த்தம். வரம்பை நெருங்கியதும் முதல் தொட்டியின் கார்பனை மாற்றி, அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, இரண்டாவதை முன்னால் கொண்டுவாருங்கள். புதுக் கார்பன் போட்ட அன்று ஒருமுறை பேக்வாஷ் செய்து, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு, தூளை வெளியேற்றுங்கள், அதோடு விடுங்கள். மணல் வடிகட்டி மாதிரி வாராவாரம் பேக்வாஷ் செய்தால் மேலே நிறைந்த கார்பன் கீழே கலந்து, வேளைக்கு முன்பே கசியும். இதில் நானே ஒரு தொட்டிக் கார்பனை இழந்திருக்கிறேன்.

தீர்ந்த கார்பன் எங்கே போகும் என்பதை வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பிஃபாஸ் ஏறிய கார்பனை ஏற்று, உயர் வெப்ப உலையில் புதுப்பிக்கும் இடம் முதல் தேர்வு. எழுத்தில் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேன்கள்: திறக்காதீர்கள், ஊற்றாதீர்கள், கழுவாதீர்கள். மூடியை இறுக்கி, ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டுக்குள் வைத்து, மேலே எழுதி ஒட்டி அறையைப் பூட்டுங்கள். அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். ஃபுளோரின் இல்லாத நுரை கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். மாறும்போது பழைய நுரை ஓடிய ஹோஸையும் கலவைக் கருவியையும் கழுவும் தண்ணீரையும் பிடித்து வைக்க வேண்டும், குழாய்ச்சுவரில் ஒட்டியது பல முறை கழுவினாலும் வந்துகொண்டே இருக்கும். தீப்பயிற்சி வெறும் தண்ணீரில் நடக்கட்டும்.

அந்தக் குழியின் வாயை இன்றைக்கே அடையுங்கள். திடலின் மழைநீர் இனி அதில் இறங்கக் கூடாது. குழியைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜல்லியும் மண்ணும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று 1633 முறையில் பார்க்காமல் மண்வெட்டி போடாதீர்கள். தோண்டிய மண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும்.

---

பம்ப்ரூம் எழுதியது:

குழியின் வாயை அடைத்துவிட்டோம். நானும் இன்னும் இரண்டு பேரும் மதியம் நின்று சிமெண்ட் பூசினோம். திடலின் தண்ணீரைத் தற்காலிகமாக ஒரு தொட்டியில் பிடிக்க ஏற்பாடு. கேன்கள் பூட்டிய அறையில். கூரைத் தண்ணீரை மட்டும் வேறு குழிக்குத் திருப்ப வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன், நுரை படாத மழைநீரை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆர்ஓவை ஒத்திவைத்தார்கள். 5 மில்லிகிராம், 6.7 மில்லிகிராம் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன், அதற்குப் பிறகு பெரிதாக வாதம் இல்லை. சிறிய சோதனைக் குழாயில் முதல் கிணற்று நீரை நேற்றிலிருந்து கார்பன் வழியாக ஓட்டுகிறோம். சோதனைக்குழாய் அவர்களே, ஒரு சந்தேகம்: அந்தக் குழாய் இணைப்புகளில் டெஃப்லான் டேப் இருக்கிறது. பிரித்து மறுபடி போடட்டுமா?

---

சோதனைக்குழாய் எழுதியது:

பிரித்துவிடுங்கள். ரப்பர் வாஷர் அல்லது பாலிபுரோப்பிலீன் இணைப்பு போடுங்கள், ஒரு நாள் ஓடவிட்டு, பிளாங்கோடு சேர்த்து முதல் மாதிரி எடுங்கள். உள்ளே வரும் நீரிலும் அதே நாள் ஒரு பாட்டில். பாட்டிலில் எழுத வேண்டியது கிணற்று எண், நேரம், இதுவரை ஓடிய லிட்டர். ஓடிய லிட்டரை எழுத மறந்தால் அந்த மாதிரி வீண்.